சோதனை வெளியீடும் அக்காவின் செவ்வாயும்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், பினாங்குத் தீவில் கெலுகோர் என்ற இடத்தில், ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் கூடத்தில் எனக்கு வேலை. இன்டர்நெட் அப்போது ஆமை வேகம். ஒரு கோப்பை இறக்கப் போட்டுவிட்டு மீ கோரெங் சாப்பிட்டு வந்தாலும் பாதிதான் இறங்கியிருக்கும். அப்படி இறக்கியவற்றில் ஒன்று, தேதியையும் நேரத்தையும் கணக்கிடும் ஒரு நிரல் நூலகம். நிரல் எழுதுகிறவர்கள் அதை எடுத்துத் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம். எந்த வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடும், மூலநிரல் திறந்தே கிடக்கும், காசு கிடையாது. எங்கெங்கோ இருந்து யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதியது. புதிய பதிப்புக்கு முன்னால் ஒரு சோதனை வெளியீடு வரும். 'முக்கியமான வேலைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்; தவறு கண்டால் எழுதுங்கள்' என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். அடுத்தவன் தவறைக் கண்டுபிடித்து எழுதுவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

பக்கத்து மேசை நண்பன், அந்த நூலகத்தின் பழைய பதிப்பை வைத்து ஜாதகம் கணிக்கும் நிரல் ஒன்றை எழுதி, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குக் கொடுத்திருந்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் சொன்னால் கட்டம் போட்டு அச்சடித்துத் தருவார்கள். கடையில் கூட்டம் அலைமோதியது.

அக்காவின் கல்யாணம் மாட்டிக்கொண்டது அங்கேதான். அக்கா அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதே கரையில் ஜுருவில் கார் விற்கும் ஒருவரும் அவளும் காலையில் ஒரே ஃபெரியில் கடல் தாண்டுவார்கள். பேசிப் பழகி, இரண்டு வீட்டிலும் சரி என்று சொன்ன பிறகு, அவருடைய அம்மா இருவர் பிறந்த நேரத்தையும் அந்தக் கடையில் கொடுத்துவிட்டார். மகன் கட்டம் சுத்தம். அக்காவுக்கு லக்னத்திலிருந்து நாலாம் இடத்தில் செவ்வாய்; தோஷம். கோயில் குருக்கள் எழுதிய பழைய ஜாதகத்தில் அப்படி இல்லையே என்று என் அம்மா எடுத்துக் காட்டினார்.

"குருக்கள் தப்பா எழுதலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா லா?" என்றார் அந்த அம்மாள்.

அதோடு பேச்சு நின்றது. அக்கா ஒரு ஃபெரி முன்னதாகவே போக ஆரம்பித்தாள். வீட்டில் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. எனக்கோ எரிச்சலான எரிச்சல். கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவனால் வாயைத் திறக்கவும் முடியவில்லை.

சோதனை வெளியீடு வந்ததும், கைக்கு வந்த தேதியாக அக்கா பிறந்த நேரத்தைப் போட்டு லண்டன் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பழைய பதிப்பு சொன்னதற்கும் இதற்கும் அரை மணி நேரம் வித்தியாசம். மாட்டிக்கொண்டார்கள் என்று உற்சாகமாகத் தவறைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நண்பன் எட்டிப் பார்த்தான்.

"டேய், நாம ஸ்கூல் படிக்கிறப்ப கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வெச்சாங்களே, மறந்துட்டியா? எண்பத்திரண்டாம் வருஷம் பொறந்தப்ப. அதுக்கு முன்னால நம்ம டைமே வேற லா."

மறந்துதான் போயிருந்தேன். அப்பா சுவர்க்கடிகாரத்தின் முள்ளைத் தள்ளியபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். பினாங்கைக் கண்ணால் பார்த்திராத எவனோ ஒருவன் அதைத் தேடிப் பிடித்து நூலகத்தில் சேர்த்திருக்கிறான். அந்த மாற்றத்துக்கு முன் பிறந்த அத்தனை பேரையும் நண்பனின் நிரல் அரை மணி நேரம் முன்கூட்டியே பிறக்க வைத்திருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் அக்காவைக் கூடத்துக்கு அழைத்து வந்தேன். ஜாதக நிரலைச் சோதனை வெளியீட்டோடு சேர்த்து ஓட்டினோம். லக்னம் ஒரு கட்டம் நகர்ந்தது. செவ்வாய் மூன்றாம் இடம். தோஷம் இல்லை. குருக்கள் எழுதியதேதான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அச்சடித்துக் கையில் கொடுத்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"அவரும் அதுக்கு முன்னால பொறந்தவர்தானே? அவரோடதையும் போடு, தம்பி."

போட்டேன். அவருடைய லக்னமும் நகர்ந்தது. ஐந்தில் இருந்த செவ்வாய் நாலாம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ப்ரிண்ட் எடுக்காத."

"அக்கா, நம்ம அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"இது டெஸ்டிங்குக்கு வந்ததுதானே? முக்கியமான வேலைக்கு யூஸ் பண்ணாதீங்கன்னு அவங்களே போட்டிருக்காங்கன்னு நீதானே சொன்ன? கல்யாணத்தவிட முக்கியமான வேலை என்ன லா இருக்கு?"

தன்னுடைய தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். நான் திரையை அணைத்தேன்.

நண்பன் கடையின் நிரலைத் திருத்திக் கொடுத்தான். தாளைப் பார்த்த அந்த அம்மாள் நேரே கடைக்குப் போய் அக்காவின் நேரத்தை மறுபடி கொடுத்துச் சரிபார்த்துவிட்டு, அடுத்த வாரம் தட்டோடு வீட்டுக்கு வந்தார். மகனுடைய கட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் சுத்தமாயிற்றே. அக்கா பழைய ஃபெரிக்கே திரும்பினாள்.

சோதித்தவர்கள் விவரம் எழுத வேண்டும் என்பது வழக்கம். நானும் எழுதினேன்: பினாங்கில் பிறந்த இருவரின் நேரத்தைப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் சரியாக வந்தன.