தள்ளி நிற்கச் சொல்லப்பட்ட தண்டல்

மிக்கேல் தண்டல் உயிரோடு இருந்தபோதே அவரைச் செத்தவராக்கிக் கரையில் நிறுத்தினார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை தோணிப்பாய் தைத்துக்கொண்டிருந்தேன். தோணி முதலாளியின் ஆள் வந்து, தண்டல் காலமாகிவிட்டார், சவப்பெட்டிமேல் விரிக்கப் புதுப்பாய் வேண்டும் என்றான். வருஷக்கணக்காகத் தோணிப் பக்கமே வரவிடாமல் வைத்த மனிதருக்கு இப்போது புதுப்பாய். அவர் கடைசியாக ஓட்டிய தோணியின் பழைய பாயைத்தான் கொடுத்தனுப்பினேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிக்குத் தண்டலாக, அதாவது தலைவராக, முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். பேச்சு குறைவு, கிண்டல் அதிகம். அறுபது தாண்டியபோது கழுத்தில் கட்டிகள் வந்தன. ஆஸ்பத்திரி டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, வெள்ளணு பெருகும் தீராத வியாதி, இந்த வயதில் வருஷம் தாங்காது என்றார். வீட்டார் பயந்து பங்குச் சாமியாரை அழைத்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயான அவஸ்தையைப் பூசச் செய்தார்கள்.

அவஸ்தை பூசப்பட்டவன் ஏறிய தோணி கரை திரும்பாது என்று நம் ஆட்களுக்கு ஓர் எண்ணம். பூசுவது சுகமடையவும்தான் என்று சாமியாரே சொன்னார். யார் கேட்டார்கள்? முதலாளி தோணியை வேறு தண்டலிடம் கொடுத்தார்.

அதே சமயம் துறைமுக ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கும் வெள்ளணு வியாதி கண்டது. முப்பது வயது. இளம் ரத்தம், தாங்கும் என்றார் அதே டாக்டர். பாவம், அந்தப் பிள்ளை இரண்டு வருஷத்துக்குள் போய்விட்டான். தண்டல் நடமாடிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; பழைய வைத்தியப் பத்திரிகைகளை வாங்கி அகராதி வைத்துப் படித்தேன். இந்த வியாதியில் வகைகள் உண்டு, ஒரு வகை முதியவர்களிடம் மெதுவாகவே போகும் என்று அதில் இருந்தது. டாக்டரிடம் காட்டினேன். பாய் தைக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்தார். கிழவர் பிழைத்திருப்பது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. ஏன் இன்னும் சாகவில்லை என்றுதான் எரிச்சல்பட்டார்கள்.

தண்டலுக்கு ஒரே ஆசைதான். கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் லூசியாவைப் பார்க்க வேண்டும். ரயிலில் போனால், இலங்கை போகிறவர்களைச் சோதிக்கும் மண்டபம் முகாமில் கட்டிகளைப் பார்த்துத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்தார். அதனால் தோணியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து போகிறேன் என்று கேட்டார். முதலாளி மறுத்தார். பாய் விரிக்கும் நாளில் கரைக்கு வந்தால்கூட, அவரிடம் தொழில் பழகிய பயல்களே, "அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க" என்பார்கள். தள்ளி நிற்பார்.

வெட்கங்கெட்டவர்கள், நீரோட்டம் பிடிபடாத நாளில் அவரிடமே போவார்கள். "செத்தவன்ட்ட வழி கேக்கியளே, பயமா இல்லியாலே?" என்பார். பிறகு சொல்லிக்கொடுப்பார்.

அப்படியே எட்டு வருஷம் இருந்தார். போன வாரம் ஒரு சளிக்காய்ச்சல். மகள் முகம் பார்க்காமலே போய்விட்டார். அடக்கத்தில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி ஆக வேண்டியது இது. அடுத்த கிழவர் கட்டியோடு வந்தால், எந்த வகை என்று டாக்டர் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவஸ்தை சுகமடையவும்தான் என்று சாமியார் தனியே முணுமுணுத்தது போதும். பூசைப் பிரசங்கத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். தண்டலின் ஜெபமாலை என்னிடம் இருக்கிறது. முதலாளி அதை அடுத்த தோணியில் ஏற்ற வேண்டும். தள்ளி நிற்கச் சொன்னவர்களே அதை லூசியா கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தோணிக்கு நான் கூலி வாங்காமல் புதுப்பாய் தைப்பேன். அது பத்திரமாகத் திரும்பும். திரும்பியதும் அத்தனை பேரும் கல்லறைக்குப் போய், தோணி கரை வந்துவிட்டது அண்ணாச்சி என்று அவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.