சாவு தொட்ட கை

கடந்த ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டி மழை பெய்வதும் நிற்பதுமாக ஆளைக் குழப்பிக்கொண்டிருந்தது. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. எங்களை எல்லாரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை டியூட்டி முடிந்ததும் பன்வில பக்கம், நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். வயதுக்கு வந்த தம்பி மகளுக்குச் சடங்கு. முதல் தண்ணீரை அத்தை ஊற்றவேண்டும். பிள்ளைக்கு இருக்கிற ஒரே அத்தை நான்.

டியூட்டி முடியும் நேரத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். டியூஷனுக்குப் போகையில் பஸ் மோதியிருந்தது. தம்பி மகளின் வயதுதான் இருக்கும். ஒரு கையில் மட்டும் நகப்பூச்சு; மற்றக் கைக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். நெஞ்சை அழுத்தினேன், அழுத்தினேன், டொக்டர் போதும் என்று தோளைத் தொடும்வரை அழுத்தினேன். பிறகு முகத்தைத் துடைத்து, தோட்டைக் கழற்றி, வெளியே நின்ற தாயின் உள்ளங்கையில் வைத்தேன். அந்தத் தாய் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

குளித்துவிட்டு வந்து கட்டும்போது எனக்குப் புடவை மடிப்புப் பிடிபடவில்லை. கூட வேலைசெய்யும் முஸ்லிம் தங்கச்சி ஒருத்திதான் குனிந்து கொசுவம் வைத்துவிட்டாள். “அழாமப் போங்க அக்கா. தம்பிட மகள்ட தலையில தண்ணி ஊத்தினா மனசு ஆறும்” என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையின் தலையை, சூடான ஒரு தலையைத் தொடவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பஸ்ஸில் ஏறியதும் தம்பி போன் எடுத்தான், ஏன் பிந்துகிறது என்று. எங்கள் வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்கு வார்டுக் கதையைக் கொண்டுபோகக் கூடாது. மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். தம்பி கேட்டான்: “நீங்கதான் தொட்டீங்களா அக்கா?” ஆறுதலாகத்தான் கேட்கிறான் என்று நினைத்து, ஆமாடா, நான்தான் என்றேன். சொன்னதில் நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட ஆனது.

சடங்கு நடந்த மண்டப வாசலில் தம்பியின் மாமியார் நின்றிருந்தார். பன்னீர் தெளிக்க நிற்கிறார் என்று நினைத்தேன். மறிக்க நின்றிருக்கிறார்.

“கோச்சுக்காத தாயி. சாவு தொட்ட கை இன்னைக்கு வேணாம்.”

“குளிச்சிட்டுத்தான் வந்தேன்.”

“குளிச்சாப் போற தீட்டா அது? அந்தா, கதிரை கெடக்கு. உக்காந்து நல்லா சாப்பிட்டுட்டுப் போ.”

தம்பி வாழைமரக் கட்டைச் சரிசெய்வதுபோலத் திரும்பி நின்றுகொண்டான். உள்ளே மணையில் இருந்த பிள்ளை கழுத்தை நீட்டி நீட்டி வாசலையே பார்த்தாள். முதல் செம்பை அவளுடைய சித்தி ஊற்றினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குச் சுகர் ரிப்போர்ட் பார்க்கவேண்டும். இன்னொருவருக்கு ஸ்கேனுக்கு முந்திய திகதி வேண்டும். “மிஸ் வந்திருக்கு, புடிச்சுக்கங்க, பொறகு ஆஸ்பத்திரியில தேடினா கெடைக்காது” என்று யாரோ பகிடி பண்ண, பந்தியே சிரித்தது. கடைசியாக வந்தவர் அந்த மாமியார். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் காயாத கையை என் மடியில் வைத்தார். “தலை சுத்துது தாயி. பிரஷரான்னு கொஞ்சம் புடிச்சுப் பாரு.”

பிடித்தேன். வேறென்ன செய்ய? காலையில் எவ்வளவு தேடியும் என் விரலுக்கு அகப்படாத அந்தத் துடிப்பு, இங்கே ஒழுங்காக, திமிராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கழுவப் போகவும் இல்லை.

பிள்ளையைத் தொடாமலே திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

இப்போதும் தம்பி போன் எடுக்கிறான், பாசமாகத்தான். “டியூட்டி எப்படிக்கா?” என்பான். சும்மாதான் இருந்துச்சு என்பேன். அவனுக்கு நிம்மதி. அன்றிலிருந்து நான் தொட்ட யாரையும் எங்கள் வீட்டுப் பேச்சுக்குள் கூட்டிப்போனதில்லை. அவர்கள் எல்லாரும் எனக்குள்ளேயே, இடம் போதாமல், நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.