சீட்டில்லாத வலி

உலக உத்தரவு

"டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செல்வம் தன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். மருந்துக் கடையில் நிற்பவர்களுக்குத் தெரியும், நம் தொழிலில் பாதி மருந்து கொடுப்பது, மீதி கொடுக்காமல் இருப்பது.

செல்வம் காக்களூர் தொழிற்பேட்டையில் வெல்டர். முதுகு வலிக்குப் பூட்டிய அலமாரியில் இருக்கும் மாத்திரைதான் வேண்டுமாம். போதைக்காக அதைத் தேடி வருகிறவர்கள் பெருகியதால் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. செல்போனில் அவன் காட்டியது ஒரு செய்தி. போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களைத் தண்டிப்பது வீண், சட்டங்களைத் தளர்த்துங்கள் என்று ஒரு சர்வதேச அதிகாரி பேசியிருந்தார். பல நாடுகள் அவரைக் கண்டித்திருந்தன. செய்தி போட்டவரோ 'டிரக்' என்ற ஆங்கிலச் சொல்லில் குழம்பி, போதைப்பொருளையும் 'மருந்து' என்றே எழுதி, 'மருந்துக் கட்டுப்பாடு வேண்டாம்' என்று தலைப்பு வைத்துவிட்டார். மாத்திரைக்குப் பதில் நான் தைலம் எடுத்து வைத்தேன்.

"உலகத்துக்கே ஆபீசரு, அவரே வுட்டுட்டாரு. நீ இன்னாத்துக்குக்கா பேஜாரு பண்ற?"

கையெழுத்து

அதே வாரம் மருந்து ஆய்வாளர் வந்தார். பூட்டிய அலமாரி மாத்திரைகளின் பதிவேட்டில் வரி வரியாக விரலை ஓட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. துணிந்து அந்த அதிகாரியின் பேச்சைப் பற்றிக் கேட்டேன். நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அவர் எங்க வேணும்னாலும் பேசட்டும்மா. இதுல கையெழுத்து உங்களுதுதானே?"

இரண்டாம் பாதி

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஸ்டெல்லா வந்தாள். அவள் கணவருக்குப் புற்றுநோய். அதே பூட்டிய அலமாரி மாத்திரைதான். சீட்டின் தேதி முடிந்திருந்தது. சென்னை டாக்டரைச் செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடியும்.

"மாத்திரை ஒண்ணுகூட இல்லமா. காலைலேர்ந்து கத்திக்கினே கீறாரு."

முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். அது சண்டையைவிடக் கஷ்டம்.

பெரியாஸ்பத்திரி நர்ஸைப் போனில் பிடித்தேன். பழைய காகிதங்களோடு பன்னிரண்டுக்குள் வந்தால் டாக்டர் பார்ப்பார் என்றார். தைலம் வாங்க வந்து நின்ற செல்வம், "வாக்கா, வண்டி கீது" என்று ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு போனான்.

காத்திருந்த நேரத்தில் அந்தச் செய்தியை முழுதாகத் தேடிப் படித்தேன். பேச்சுக்கு இரண்டாம் பாதி இருந்தது. போதைக்குப் பயந்து பூட்டியதில் உண்மையான வலிக்காரர்களுக்கு மருந்து கிடைப்பதில்லை, முதலில் அவர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று அதே அதிகாரி கேட்டிருந்தார்.

பன்னிரண்டரைக்குப் புதுச் சீட்டோடு வந்தார்கள். அலமாரியைத் திறந்து மாத்திரையைக் கொடுத்தேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டே ஸ்டெல்லாவிடம் அந்தப் பாதியைச் சொன்னேன்.

"இத ஏம்மா யாரும் பார்வர்டு பண்ணல?"

நாடுகள் அடித்துக்கொண்ட பேச்சின் இரண்டாம் பாதி காக்களூரில் அமலுக்கு வர, தேதி சரியாக இருந்த ஒரு சீட்டு போதுமானதாக இருந்தது. வெளியே செல்வம் வெயிலில் காய்ந்த பின்சீட்டில் தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, முழங்கையால் துடைத்துவிட்டு, ஸ்டெல்லா ஏற வண்டியைப் படியோரம் நகர்த்தினான்.