மணிக்குப் பதினேழு டாலர்

தம்பி கனடாவில் குடோன் வேலைக்குச் சேர்ந்த வாரம், மணிக்குப் பதினேழு டாலர் என்று போனில் சொன்னான். அதை வருடச் சம்பளமாக மாற்றியவன் நான். வேறு யாரையும் இதில் இழுக்க முடியாது.

டாலருக்கு அறுபது ரூபாய். மணிக்கு ஆயிரத்து இருபது. இருபதை விட்டுக்கொடுத்தேன், தாராள மனசு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று வந்தபோது புத்தி நேராகத் தறிக்குழிக்குப் போய்விட்டது. காலை ஆறு மணிக்குத் தறியில் இறங்கினால் வெளிச்சம் சாய்கிறவரை நெய்கிறவர்கள் நாங்கள். பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டேன். அமாவாசையில் தறி ஓட்டமாட்டோம், அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்தேன். தீபாவளி, பொங்கலுக்கு மூன்று நாள். மீதி முந்நூற்று ஐம்பது. என் கணக்கில் கனடாக்காரன் ஆரணி அமாவாசைக்கு லீவு விட்டான், ஞாயிற்றுக்கிழமைக்கு விடவில்லை. நாற்பத்திரண்டு லட்சம் வந்தது. அப்பா, எங்களுக்கு நைனா, அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அந்த நாற்பத்திரண்டு லட்சத்தை நம்பி முள்ளிப்பட்டு ரோட்டில் ஒரு மனை வாங்கினோம், மாதத் தவணைக்கு. தம்பி ஊரில் இல்லாததால் பத்திரம் என் பெயரில்.

அவன் மாதம் முப்பத்தைந்தாயிரம் அனுப்பினான். ஒரு மாதமும் தவறவில்லை. தவணை போக மீதியில் அரிசி, அம்மாவின் மாத்திரை, என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஆனாலும் பணம் வருகிற நாளெல்லாம் நைனாவுக்கு முகம் கறுக்கும். அனுப்பியதை யார் பார்த்தார்கள்? அனுப்பாததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் வருடம், தைக்கு ஊருக்கு வரட்டுமா என்று கேட்டான். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன், அம்மா கையால் சாப்பிட வேண்டும், டிக்கெட்டுக்குச் சேர்க்க வேண்டியிருப்பதால் கொஞ்ச நாளைக்குக் குறைத்து அனுப்புவேன் என்றான். அவ்வளவுதான் அவன் கேட்டது. அவ்வளவு பணமும் எங்கே போகிறது என்று நைனா திருப்பிக் கேட்டார். அவன் வாதாடவில்லை. சம்பளச் சீட்டைப் படமெடுத்து என் போனுக்கு அனுப்பினான்.

இங்கிலீஷில் இருந்தது. நைனா தறியில் இழை நீட்டிய பாவு ஓரத்தில் உட்கார்ந்து கேட்க, நான் படித்தேன். இரண்டு வாரத்துக்கு அறுபது மணி நேரம். ஆயிரத்து இருபது டாலர். மூன்று பிடித்தம், சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று. கையில் வருவது எண்ணூற்று எழுபத்தேழு.

"ரெண்டு வாரத்துக்கு அறுபது மணியா? அத நான் அஞ்சு நாள்ல ஓட்டிருவேன். மீதி நாள் இன்னா பண்றான், படுத்துகினு கெடக்கறானா?"

"வேலை அவ்ளோதான் குடுக்கறானாம் நைனா."

"செரி. புடித்தம்னியே, அது இன்னாது?"

ஆரணியில் நெய்கிறவன் கூலியில் பிடிப்பது ஒன்றே ஒன்றைத்தான். முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கியிருப்பான். சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டுவார்கள். வாங்காதவனுக்குப் பிடித்தம் கிடையாது. கூலியைக் குறைக்க உலகத்தில் வேறொரு காரணம் இருக்கலாம் என்பது நைனாவின் எழுபது வயதுக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

"மூணு புடித்தம்," என்றார் மெதுவாக. "மூணு எடத்துல வாங்கிகிறான்."

நான் சென்னையில் நாலு வருடம் கம்பெனியில் இருந்தவன். பி.எஃப். பிடித்த சீட்டு மாதாமாதம் என் கையிலும் வந்திருக்கிறது. ஒன்று வருமான வரி, ஒன்று பென்ஷன், ஒன்று இன்சூரன்ஸ். மூன்று சொல் சொன்னால் போதும். நாக்கு நுனியில் மூன்றும் ஈரமாக நின்றன. சொன்னால் என் நாற்பத்திரண்டு லட்சம் உடையும். அது உடைந்தால் நைனா தவணையை நிறுத்துவார், என் பெயரில் இருக்கிற மனை போகும்.

"எனக்குத் தெரில நைனா. அவனையே கேளு."

மறுநாள் காலையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். அங்கே அவனுக்கு ராத்திரிச் சோற்று நேரம்.

"எவ்ளோடா வாங்கின அட்வான்ஸ்?"

"இன்னா அட்வான்ஸு? அது டேக்ஸு நைனா. கவர்மெண்டு புடிக்கறது."

"டேக்ஸு பணக்காரன் கட்டறது. நாப்பத்திரண்டு லட்சம் வாங்கறவன் கட்டுவான். நீதான் அவ்ளோ வாங்கலன்றியே."

அவன் நைனாவை விட்டு என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, நீ சொல்லேன். உனக்குத் தெரியும்ல?"

நைனா என்னைப் பார்த்தார். நான் அறுந்த இழை எதையோ தேடுகிறவன் போலப் பாவில் குனிந்துகொண்டேன்.

"அந்த ஊரு சட்டம் எனக்கு இன்னாடா தெரியும்," என்றேன்.

"அடச்சிட்டு வா," என்றார் நைனா. "கடனோட வூட்டுப் படி ஏறாத."

அந்தத் தை போயிற்று. சனி, ஞாயிறுகளில் ஓட்டல் ஒன்றில் தட்டு கழுவப் போனான். அதை என்னிடம் மட்டும் சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை. பனிக்காலம் முழுக்க வெந்நீரில் கை ஊறி, விரலெல்லாம் வெடித்துப் போயிற்று என்றான். ஆயின்மென்ட் போடு என்றேன்.

எட்டு மாதம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குரலில் சண்டை இல்லை.

"அண்ணா, அட்வான்ஸ் அடஞ்சிடுச்சுன்னு நைனா கைல சொல்லிடு. ஆமா, வாங்கிகினேன், அடச்சிட்டேன். டிக்கெட்டுக்குக் காசு சேத்துட்டேன். வந்துட்டுப் போறேன்."

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டான், வீட்டுக்கு வருவதற்காக. நான் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நைனாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். தறியிலிருந்து எழுந்து கைகால் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவைக் காப்பி போடச் சொன்னார். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இனிமே புடித்தம் இல்ல. மொத்தக் காசும் கைக்கு வரும்."

"வரும்," என்றேன்.

"இவ்ளோ நாளு கடன்ல ஓட்னவன், காசு முழுசா வர்ற நேரத்துல கெளம்புவானா? பைத்தியமா அவன்? ஒரு வருசம் இருந்து வாங்கிகினு வரச் சொல்லு."

அன்று சாயங்காலமே தம்பியிடம் சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன அண்ணா?"

"நைனா பேச்சுக்கு நான் இன்னாடா சொல்றது."

அடுத்த மாதம் ஐம்பதாயிரம் வந்தது. டிக்கெட்டுக்குச் சேர்த்த பணத்தைப் பிய்த்து அனுப்பியிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. நைனா போனை வாங்கி, பேங்க் மெசேஜில் இருந்த அந்தத் தொகையை அம்மாவிடம் காட்டினார்.

"பாத்தியா? இத்தன நாளு எவனுக்கோ குடுத்துகினு இருந்துகிறான்."