விநாயகத்தின் பச்சைத் தகரம்

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு காலும் நல்ல காலு. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா மலாக்கா மார்க்கெட்டுல ரெண்டு வருஷமா அவரை நொண்டின்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. பேரு நடராஜன். பண்டார் ஹிலிர்ல ஒரு வெள்ளைக்கார வக்கீலு ஆபீஸ்ல பியூனா இருந்தாரு. கட்டுக் கட்டாப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு நாளைக்குப் பத்துத் தடவை மாடிப்படி ஏறி இறங்குற மனுஷன். காஜா பெராங்குல இருந்து ஆபீஸுக்கு சைக்கிள்ல போனா வழியில ஒரு பயலையும் முந்த விடமாட்டாரு.

அவருகிட்ட ஒரே ஒரு கோளாறுதான். யாரு எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராது. காப்பியில சர்க்கரையே போடாம குடுத்துட்டு 'நல்லா இருக்கா?'ன்னு கேட்டா, தேவாமிர்தம்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் வடிவாம்பாள். என் வாயைப் பத்திக் காஜா பெராங்குல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நான் வேற சொல்லணுமா?

எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி டைலர் விநாயகம் அண்ணன். ரப்பர் லோரி கவுந்து அவருக்கு இடது முட்டி மடங்காமப் போச்சு. தரையில நடந்தா நூறடிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்கணும். ஆனா சைக்கிள்ல ஏறிட்டாருன்னா வலது காலாலேயே மிதிச்சு நம்மளைத் தாண்டிப் போயிடுவாரு. அப்ப மார்க்கெட்டுக்கு சைக்கிள்ல வர்றவங்க எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் சேத்துல நிறுத்திட்டு நடந்து வரணும். கால் முடியாதவங்களுக்கு மட்டும் டவுன் ஆபீஸ்ல ஒரு பச்சைத் தகரம் குடுப்பாங்க. உள்ளங்கை அகலம், நம்பர் போட்டிருக்கும். அதை ஹாண்டில்ல கட்டிக்கிட்டா மார்க்கெட் வாசல் தூண் வரைக்கும் சைக்கிள்லயே போகலாம். அண்ணனோடது ஏழாம் நம்பர்.

ஐம்பத்தஞ்சுல ஒரு சனிக்கிழமை, ஊத்துற மழை. அண்ணனுக்குக் காய்ச்சல். "எனக்கும் சேத்து மீன் வாங்கிட்டு வா நடராஜா. இன்னைக்கு ஒரு நாள் தகரத்தைக் கட்டிக்கிட்டுப் போ"ன்னு அவரே அவுத்துக் குடுத்தாரு. இவரும் கட்டிக்கிட்டுப் போனாரு.

வாசல்ல மண்டோர் பாலன் நின்னாரு. மார்க்கெட்டுக்கு மேற்பார்வை அவருதான், அப்பத்தான் புதுசா வேலைக்கு வந்திருந்தாரு. பல தலைமுறைக்கு முன்னாலேயே மலாக்காவுல குடியேறின செட்டிங்களோட கம்பத்துக்காரரு. பேரு நம்ம பேரு, கும்புடுறது நம்ம மாரியம்மாவை, பேசுறது மட்டும் மலாய். தகரத்தைப் பார்த்துட்டு, "காக்கி சாக்கிட்?"னு கேட்டாராம். கால் வலியான்னு அர்த்தம். இவருக்குத்தான் இல்லைன்னு சொல்ல வராதே! ஆமான்னுட்டாரு. சொன்னதுக்கு அப்புறம் ஜம்முன்னு நடக்க முடியுமா? மீன்கடை வரைக்கும் நொண்டியிருக்காரு. "கசியான், கசியான்"னு பாவப்பட்டு, பாலன் கூடையை வாங்கித் தானே தூக்கிக்கிட்டு வந்தாராம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் பார்த்தேன். கால்சட்டையில ஒரு பொட்டு சேறு இல்லை. அரை மணி நேரத்துல வந்துட்டாரு. மீனும் அப்படியே துள்ளுற மாதிரி இருக்கு. "அடுத்த சனிக்கிழமையும் தகரத்தோட நீங்களே போயிட்டு வாங்க, அண்ணனுக்கும் சேத்து வாங்கிக் குடுத்துடலாம்"னு சொன்னது யாரு? நான்தான். இவ்வளவு நேரம் அவரைக் குறை சொன்னேன்ல, இதையும் கேட்டுக்குங்க.

அந்த மனுஷனுக்கு ஒழுங்கா நொண்டவும் தெரியலை. ஒரு வாரம் வலது காலு, மறு வாரம் இடது காலு. "போன வாரம் அந்தக் கால்தானே?"ன்னு பாலன் கேட்க, மழைக்கு ரெண்டும் பிடிச்சுக்குதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்காரு. எனக்கு வந்ததே கோபம். அடுத்த சனிக்கிழமையில இருந்து அவரோட வலது செருப்புக்குள்ள ஒரு புளியங்கொட்டையைப் போட்டு அனுப்பினேன். அது குத்துற காலுலதான் நொண்டணும். அதுக்கப்புறம் ஒரு தப்பும் நடக்கலை.

மனசு உறுத்தலையான்னு கேப்பீங்க. எதுக்கு உறுத்தணும்? அண்ணனுக்கும் சேத்துத்தானே வாங்குறோம்? வாராவாரம் கெம்போங் மீனை நானே செதில் எடுத்து, கழுவி, மஞ்சள் தடவி அவரு வீட்டுல குடுத்துட்டு வருவேன். இந்தக் காலத்துல யாரு செய்வா? என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ஐம்பத்தேழு வந்துச்சு. ஆகஸ்டுல சுதந்திரம்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு. எங்க வீட்டுல மட்டும் வேற பேச்சு. வக்கீலு ஆபீஸை மூடிட்டு ஆகஸ்டோட கப்பல் ஏறப் போறேன்னுட்டாரு. இவருக்கு முப்பத்தொன்பது வயசு, இனிமே யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா? அந்த நேரம் பார்த்து தபால்காரர் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. சர்க்கார் வேலை, பென்ஷன் உண்டு, நாப்பது தாண்டினா சேத்துக்க மாட்டாங்க. இதை விட்டா எங்களுக்கு வேற வழியே இல்லை.

மனுவோட, சர்க்கார் வேலையில இருக்குற ஒருத்தர்கிட்ட நன்னடத்தைக் கடிதமும் வாங்கி வரணும்னு சொன்னாங்க. இவரு நேரா பாலன்கிட்ட போய் நின்னாரு. அந்த நல்ல மனுஷன் ரெண்டு பக்கம் எழுதி, ஒட்டி, சீல் வச்சுக் குடுத்தாரு. நான் அந்தக் கவரை சாமி படத்துக்கு முன்னால வச்சு எடுத்துக் குடுத்தேன்.

தபால் ஆபீஸ்ல துரை கவரைப் பிரிச்சுப் படிச்சாராம். படிக்கப் படிக்க முகம் மாறிச்சாம். அப்புறம் சத்தமாவே படிச்சுக் காட்டியிருக்காரு. "இவருக்கு வலது கால் ஊனம். ஆனாலும் ரெண்டு வருஷமா ஒரு வாரம் கூடத் தவறாம, வீட்டுல கிடக்குற இன்னொருத்தருக்கும் சேத்து மீன் வாங்கிப் போறாரு. இவ்வளவு மன உறுதி உள்ள ஆளை நான் பார்த்ததில்லை."

"உன்னை நினைச்சா பெருமையா இருக்கு. ஆனா தபால்காரன் நடக்கணுமே? அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வா, பார்ப்போம்"னாராம் துரை.

வேலை வேணும்ல? போறப்ப இவரு ராணுவக்காரன் மாதிரி விறைப்பாப் போயிருக்காரு. ஜன்னல்கிட்ட திரும்பினாரு. மேசையில பாலன் கடிதம் விரிச்சுக் கிடக்கு. அய்யோ, நாம நல்லா நடந்தா அந்த மனுஷன் பொய் எழுதினவராயிடுவாரேன்னு தோணிடுச்சாம். வர்றப்ப நொண்டிக்கிட்டே வந்திருக்காரு. அதுவும் இடது கால்ல! செருப்புல புளியங்கொட்டை இல்லையே!

"இதுல எதுப்பா உன் நடை?"ன்னு கேட்டாராம் துரை. இவரு எல்லாத்தையும் கொட்டிட்டாரு. துரை கடிதத்தை மடிச்சுத் திருப்பிக் குடுத்து, "இதை எழுதினவரே உண்மையை எழுதிக் குடுத்தா அடுத்த வாரம் வா. இல்லைன்னா வராதே"ன்னுட்டாரு.

பாலன்கிட்ட போனாரு. நானும் கூடப் போனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு கத்தலை, திட்டலை. பக்கத்துல கிடந்த ஸ்டூலைப் பார்த்தாரு. வாராவாரம் இவரை உக்கார வைக்கிறதுக்காகவே போட்ட ஸ்டூல் அது. "உன் காலுக்காக நான் மாரியம்மாவுக்குத் தேங்கா உடைச்சேன்"னு மலாய்ல சொன்னாரு. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. "தகரம் யாரோடதோ, முதல்ல அவரு மனசு வைக்கட்டும். அப்புறம் கடிதத்தைப் பத்திப் பேசலாம்"னுட்டு உள்ள போயிட்டாரு.

சரி, அண்ணன் நம்ம ஆளுதானே, ரெண்டு வருஷம் மீன் சாப்பிட்டவருதானேன்னு தைரியமா அவரு வீட்டுக்குப் போனோம். அவரு மிஷின்ல ஒரு சட்டைக் கை தைச்சுக்கிட்டு இருந்தாரு. நான்தான் பேசினேன். அந்தக் கை முடியுற வரைக்கும் அவரு நிமிரலை.

"தங்கச்சி, தகரத்தை நான் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டேன், ஞாபகம் இருக்கா?"ன்னாரு. "ஒரு தடவை, மழையில எதுக்குண்ணே போறீங்கன்னு சொன்னே. இன்னொரு தடவை, வெயில்ல எதுக்குண்ணே போறீங்கன்னே. மலாக்காவுல மழை, வெயில் இதை விட்டா வேற என்னம்மா இருக்கு?"

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதாண்ணே…"ன்னு இழுத்தாரு இவரு.

"போன வருஷம் சுதந்திரத்துக்குத் தேதி சொன்னப்ப ஊரே பாடாங் திடல்ல நின்னுச்சு. என்னையும் கூட்டிட்டுப் போடான்னேன். கூட்டத்துல உங்களுக்கு எதுக்குண்ணே கஷ்டம், நான் வந்து எல்லாத்தையும் சொல்றேன்னே. வந்து என்ன சொன்னே? பக்கத்துல நின்னவன் காலை மிதிச்சுட்டான்னு சொன்னே!" அண்ணன் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சாரு. "நீங்க குடுத்த மீன் நல்ல மீனுதாம்மா. குறையே சொல்லமாட்டேன். ஆனா நான் மீனா கேட்டேன்? மார்க்கெட்டுக்குப் போகணும்னு இருந்தேன். நாலு பேரைப் பார்க்கணும், மீன்காரச் சீனன்கூட பத்து காசுக்கு சண்டை போடணும், காப்பிக் கடையில உக்காரணும். ரெண்டு வருஷமா எனக்கு இந்த மிஷினும் இந்தச் சுவரும்தான்."

என் வாய் அடைச்சதைக் காஜா பெராங்குல அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்த்தாங்க.

"கடிதத்துக்கு நான் என்ன சொல்றது? சனிக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போறேன். தகரத்தைக் குடு"ன்னாரு. குடுத்துட்டு வந்தோம். வேலை போச்சுன்னே முடிவு பண்ணிட்டோம்.

சனிக்கிழமை அண்ணன் வெளுத்த சட்டை போட்டு, தகரத்தைத் தன் சைக்கிள்ல கட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. நாங்க பின்னாலேயே போய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சேத்துல சைக்கிளை நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தா வாசல்ல ஏதோ தகராறு. பாலன் கையை நீட்டி அண்ணனை மறிச்சிருக்காரு. அண்ணனை அவரு முன்னப் பின்ன பார்த்ததில்லையே! "ஏழாம் நம்பரா? ஒருத்தன் ஏமாத்தினது போதாதா? இறங்கு, நடந்து காட்டு!"னு சத்தம் போடுறாரு. சுத்தி ஒரே கூட்டம். அண்ணன் முகம் செத்துப் போச்சு. மெதுவா அந்த மடங்காத காலை சைக்கிளுக்கு மேல தூக்கி இறக்கப் பார்க்குறாரு.

இவரு ஓடினாரு. பாலத்து மேல, மீன் கூடையெல்லாம் தாண்டிக் குதிச்சு, அப்படி ஒரு ஓட்டம்! மலாக்கா மார்க்கெட்டே வாயைப் பிளந்துச்சு. ரெண்டு வருஷமா பாவம்னு ஒரு மீன் கூடுதலாப் போட்டுக் குடுத்த சீனன், கையில கத்தியோட அப்படியே நின்னுட்டான். "தகரம் அவரோடது! நான்தான் திருடன்! எனக்கு ரெண்டு காலும் நல்ல காலு!"ன்னு இவரு கத்துறாரு. நான் சும்மா இருப்பேனா? முழங்கால் வரைக்கும் சேறோட பின்னாலேயே ஓடி, "யோசனை என்னோடது! புளியங்கொட்டையும் என்னோடது!"ன்னு கத்தினேன். புளியங்கொட்டை என்னன்னு யாருக்கும் புரியலை, அது வேற.

பாலன் எங்களைப் பார்க்கவே இல்லை. அண்ணன் சைக்கிளைத் தானே பிடிச்சுத் தூண்ல சாத்தினாரு. ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டாரு. அண்ணன் உக்காரலை. "அப்புறம் உக்கார்றேன், முதல்ல மீனைப் பார்க்கணும்"னுட்டு உள்ள போனாரு.

மத்தியானம் பாலன் புதுக் கடிதம் குடுத்தாரு. மூணே வரி. 'இவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு, ஓடுறதை நானே பார்த்தேன். ரெண்டு வருஷம் பொய் சொன்னாரு. யாரும் கேட்காமலே ஊரு முன்னால ஒத்துக்கிட்டாரு.' துரை அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாராம். வேலையைக் குடுத்தாரு, ஆனா புக்கிட் காதில் பக்கம் போட்டாரு. எல்லாத்தையும் விட நீளமான ரூட்டு, முக்காவாசி மேடு.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டுற சத்தம். அண்ணன்தான். முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, ஒரே சந்தோஷம். சீனன்கூட அரை மணி நேரம் சண்டை போட்டாராம். கையில ஒரு பொட்டலம். "ரெண்டு வருஷம் எனக்கு வாங்கிக் குடுத்தீங்க, இன்னைக்கு நான் வாங்கினதைச் சாப்பிடுங்க. நானே பார்த்துப் பார்த்து எடுத்தது"ன்னு நீட்டினாரு.

பிரிச்சேன். ரெண்டு வருஷமா மீனைத் தொட்டுப் பார்க்காத கை எடுத்த மீன். கண்ணு குழி விழுந்து, செவுள் கருத்து, நாத்தம் குப்புன்னு மூக்குல ஏறுது. வேற யாரு கொண்டு வந்திருந்தாலும் அவங்க முகத்துலயே வீசியிருப்பேன்.

"நல்லா இருக்கா தங்கச்சி?"ன்னு கேட்டாரு.

"அருமையான மீனுண்ணே"ன்னேன். ரெண்டு பங்கு புளி ஊத்திக் குழம்பு வச்சேன். நானும் என் வீட்டுக்காரரும் உக்கார்ந்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காம சாப்பிட்டோம்.