கிருமிகளுக்கு வெல்லம் கரைத்த வாரம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், அதாவது எஸ்.டி.பி.யில், புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "நாத்தம் பழகிடுமாக்கா?" என்றுதான். பழகவே கூடாது. ஒழுங்காக ஓடும் தொட்டியில் ஈர மண் வாசனைதான் வரும். நாறினால் உள்ளே ஏதோ சாகிறது என்று அர்த்தம். கொடுங்கையூரில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்.டி.பி. கெமிஸ்டாக இருந்தபோது நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

1. ஒன்றுகூட அசையவில்லை

அது ஒரு திங்கட்கிழமை. ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டில் நுழையும்போதே நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆபரேட்டர் ஏழுமலை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வியாசர்பாடிக்காரர், என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தினக்கூலியாகவே காலம் தள்ளியவருக்கு முதல்முதலாகக் கிடைத்த மாசச் சம்பள வேலை இது.

"யக்கா, தொட்டி கலீஜா நாறிகினு கீது. நான் ஒண்ணும் பண்லக்கா, சத்தியமா!"

காற்று ஊதும் ப்ளோயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய தொட்டி சாம்பல் நிறமாகிக் கிடந்தது. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

கொஞ்சம் பாடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மூன்று வகை ஆட்கள் வேலை செய்கிறார்கள். பாக்டீரியா ஒரே செல், உள்ளே நியூக்ளியஸ் கிடையாது. கழிவைத் தின்று தீர்ப்பது அதுதான். புரோட்டோசோவாவும் ஒரே செல்தான், ஆனால் நியூக்ளியஸ் உண்டு. தனியாகத் திரியும் பாக்டீரியாவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். மூன்றாவது ரோட்டிஃபர், பல செல் கொண்ட குட்டிப் பிராணி. அது நடமாடினால் தொட்டி நல்ல ஆரோக்கியம். எப்போதும் சந்தைக்கடை மாதிரி இருக்கும் கண்ணாடித் துண்டில் அன்று ஒன்றுகூட அசையவில்லை.

இதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்துவிட்டார். ரிட்டயர்டு ஆபீசர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது.

"என்ன மேடம், பக்கத்துல இருக்கிற குப்பை மேட்டு நாத்தம் பத்தாதுன்னு இதுவுமா? அடுத்த திங்கக்கிழமை கமிட்டி மீட்டிங். அதுக்குள்ள சரியாகலைன்னா உங்க ரெண்டு பேருக்கும் பதிலா வேற ஆள் போட்டுடுவேன்."

ஏழுமலை முகம் செத்துப்போனது.

2. இரண்டு மூட்டை பிளீச்சிங்

திருவொற்றியூரில் இன்னொரு எஸ்.டி.பி.யில் இருந்த என் பழைய தோழிக்குப் போன் போட்டேன். மத்தியானமே ஒரு டேங்கர் நிறைய உயிருள்ள ஸ்லட்ஜ், அதாவது கிருமிகள் நிறைந்த சேறு, வந்து இறங்கியது. அதைத் தொட்டியில் விடப் போகிறேன், செயலாளர் இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரோடு நிற்கிறார்!

"முதல்ல இதைப் போடுங்க மேடம். கிருமி எல்லாம் செத்தாத்தானே நாத்தம் போகும்? இதுகூடத் தெரியாம என்ன படிச்சீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மணலி கம்பெனி லேபில் வருஷக்கணக்காக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவள் நான். டேங்கரிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாருங்க சார்" என்றேன்.

குனிந்தவர் நிமிரவே இல்லை. "அடேயப்பா! மணி மாதிரி ஒண்ணு, காம்புல நின்னு ஆடுதே!"

"வோர்ட்டிசெல்லா சார். புரோட்டோசோவா. இப்ப உங்க மருந்து." பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அதில் ஒரு துளியை அந்தச் சொட்டின்மேல் விட்டேன். காம்பு சுருண்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுபோனது.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "ஞாயித்துக்கிழமை மொட்டைமாடித் தண்ணி டேங்க் எட்டையும் பிளீச்சிங் போட்டுக் கழுவச் சொன்னேன்..."

"அந்தத் தண்ணி எங்க சார் போச்சு?"

"பாத்ரூம் லைன்ல விட்டோம்."

பாத்ரூம் லைன் நேராக எங்கள் தொட்டிக்குத்தான் வருகிறது. ஏழுமலை வாயைப் பிளந்தார். "அட நைனா! நீ சுத்தம் பண்றேன்னு நம்ம ஆளுங்களயே க்ளோஸ் பண்ட்டியா?"

வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே ஏழுமலைக்கு வேலை போயிருக்கும். செயலாளர் மூட்டைகளைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்.

3. மீட்டிங் நாள்

ஸ்லட்ஜை விட்டோம். தினமும் கிருமிகளுக்குத் தீனியாக வெல்லம் கரைத்து ஊற்றினோம், சாணி கரைத்து ஊற்றினோம். ப்ளோயரை நிறுத்தவே இல்லை. ஏழுமலை தொட்டியைப் பார்த்து, "துன்னு ராசா, துன்னு" என்று கொஞ்சிக்கொண்டே ஊற்றுவார். புதன்கிழமை ஒன்றும் மாறவில்லை. வியாழக்கிழமை நாலைந்து சின்ன உருவங்கள் நீந்தின. சனிக்கிழமை நாற்றம் குறைந்தது.

திங்கட்கிழமை காலை ஏழுமலைதான் முதலில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார். அடுத்த நொடி கத்தினார். "யக்கா! மணி வந்துட்ச்சு! கொத்தா கீதுக்கா!"

நான் பார்த்தேன். காம்பும் மணியுமாக ஒரு கூட்டமே ஆடிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு ரோட்டிஃபர்கூட ஊர்ந்து போனது. அழுதேவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்?

மீட்டிங்கில் தொட்டித் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் ஜாடியை மேஜைமேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் ஸ்லட்ஜ் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிச்சென்று தெளிந்து நின்றது. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஏழுமலை பக்கத்தில் நின்று, "இது ஒரே செல்லு சார், இது பல செல்லு" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு ஆள் போடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று செயலாளரே எழுந்து சொன்னார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் அவர் கையெழுத்தில் ஒரு தாள்: "பிளீச்சிங் தண்ணீரைப் பாத்ரூம் லைனில் விடாதீர்கள். கீழே கிருமிகள் வேலை செய்கின்றன."

அதனால் பிள்ளைகளே, எந்த மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னாலும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். ஏழுமலை இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார், தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் மைக்ராஸ்கோப்பில் அந்த ஒரு சொட்டைத்தான் பார்க்கிறார்.