எரித்தாயிற்று என்று சொன்ன கடிதங்கள்

"திருமதி புஸ்பவதி ஞானசேகரம், காப்பக ஆலோசகர், காலனியத்துக்குப் பிந்தைய இலக்கிய மரபின் காவலர்." இத்தாலியின் பலெர்மோ நகர நூலகம் ஒன்றின் கண்காட்சிக் கையேட்டில் இப்படி அச்சாகியிருக்கிறது. புஸ்பவதி வன்னியிலிருந்து வந்தவர். அந்நகரின் லிபெர்த்தா வீதியில் ஒரு முதிய பெண்ணை வருடக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்தவர். இலக்கியத்தோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அந்த முதியவர் இஸ்மே டார்சோ. கரீபியத் தீவொன்றில் பிறந்து, பிரித்தானியப் பேரரசை நாவல் நாவலாகத் திட்டித் தீர்த்து, ஒரு சிசிலியரைக் கட்டிக்கொண்டு இங்கே தங்கிவிட்டவர். சாவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு கட்டுக் கடிதங்களை நீட்டி, "யார் கண்ணிலும் படக் கூடாது, எரித்துவிடு" என்றார்.

புஸ்பவதி சிஞ்ஞோரா, அம்மணி, என்றழைத்த அவர் வீட்டில் மின்னடுப்பு. ஆகவே புஸ்பவதி அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள தன் வீட்டுக்குக் கடிதக் கட்டைக் கொண்டுபோய், காஸ் அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு தாள் நழுவிக் காலில் பட்டது. கை தன்பாட்டில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. கண்ணில் ஒற்றிய சரஸ்வதியை நெருப்பில் போடுவது எப்படி? கட்டு சேலைகளுக்கு அடியில் போனது. சிஞ்ஞோரா கேட்டபோது, எரித்தாயிற்று என்றார். பக்தி ஒருவரைப் பொய்யராக்குவது புதிதல்ல.

சிஞ்ஞோரா இறந்தபின் நூலகத்தார் வந்து மேசையிலிருந்த தாள்களையெல்லாம் அள்ளினார்கள். "வேறு ஏதும் உண்டா? பத்திரமாக வைப்போம்" என்றார்கள். பத்திரம் என்றால் பூட்டு என்று நினைத்துப் புஸ்பவதி கட்டைக் கொடுத்தார். அவர்களுக்கோ அது கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, பக்கத்தில் இத்தாலிய மொழிபெயர்ப்பு.

திறப்பு விழாவில் பேராசிரியர்கள் பெட்டியைச் சுற்றி நின்று சிரித்தார்கள். படிப்புக்கு உபகாரச் சம்பளம் கேட்டுக் கெஞ்சி இளம் இஸ்மே வெள்ளைக்கார ஆளுநருக்கு எழுதியவற்றின் நகல்கள் அவை.

"என்னத்துக்கப்பா சிரிக்கினம்?"

கணவர் ஞானசேகரம் வாசித்துப் பார்த்தார். "மனுசி வெள்ளைக்காரன்ர காலில விழுந்திருக்குது. இங்க தங்கிற பெர்மெஸ்ஸோவுக்காகப் பொலிஸ் கந்தோரில நாங்கள் விழாத விழுகையே? நீர் வாரும், ஆலோசகர் அம்மா."

"பகிடி விடாதேங்கோ. எரிச்சாச்சோ எண்டு சிஞ்ஞோரா நேர கேட்டவ. பொய் சொல்லிப்போட்டன். அதை நம்பித்தானே கண்ணை மூடினவ."

புஸ்பவதி நூலக அதிகாரியிடம் போய்க் கடிதங்களைத் திருப்பிக் கேட்டார். இனி அவை எல்லோருக்கும் சொந்தம் என்று கனிவாகச் சொன்ன அதிகாரி, புகைப்படத்துக்காக அவரைப் பெட்டியருகே நிறுத்தினார். புஸ்பவதி தலைகுனிந்து நின்றார். படத்தில் அது அடக்கமாக விழுந்திருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான். எரிக்கச் சொன்னதை எரிக்கவில்லை. எரித்ததாகச் சொன்னார். பிறகு அதை எடுத்து அந்நியர் கையில் கொடுத்தார்.